கணினிப் பக்கம்: கடைக் கணக்கும் தரவு வகையும்

சென்ற திங்கள் இப்பகுதியில் மாறி என்பது யாது என்று எழுதியிருந்தோம். அடுக்களையில் பெயர் ஒட்டிய டப்பாவில் பண்டத்தை இட்டு வைப்பதுபோல, ஒரு பெயரின் கீழ் ஒரு செய்தியைக் கணினியின் நினைவில் இருத்தி வைப்பதே மாறி. அதைப் படித்த பெரியவர் ஒருவர், மணக்காட்டில் குடியிருப்பவர், சங்கக் கூட்டத்தன்று நம்மை நிறுத்திக் கேட்டார்: "தம்பி, டப்பா சரி. உள்ளே இருப்பது அரிசியா எண்ணெயா என்று கணினிக்கு எப்படித் தெரியும்? என் பேத்தி பள்ளிக்கூடத்தில் டேட்டா டைப் என்று ஏதோ படிக்கிறாள். எத்தனை வகை என்றால் மூச்சு விடாமல் சொல்கிறாள். எதற்கு என்றால் விழிக்கிறாள்."

பெரியவர் கேட்டது நியாயமான கேள்வி. தரவு வகைகளின் பெயர்களை ஒப்பிக்கும் பிள்ளைகளுக்கு நம் வீடுகளில் குறைவில்லை. ஒரு செய்தியைக் கையில் கொடுத்து, இஃது எவ்வகை என்று கேட்டால், "இலக்கம் இருந்தால் எண், எழுத்து இருந்தால் சரம்" என்று விடை வரும். தேர்வுத் தாளில் அதற்கு மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆயினும் அவ்விடை பாதி பிழையானது. பிழை எங்கே என்பதைக் காட்டுவதே இம்மாதக் கட்டுரையின் நோக்கம். இதை எழுதுபவன் ரயில்வேயில் எழுத்தன். பத்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிப்படி மிதித்தவன் அல்லன். ஆகையால் கல்லூரிப் பேராசிரியர் போலன்றிக் கணக்கேடு எழுதுபவனைப் போலவே சொல்லப் போகிறோம்.

சாலைக் கடைத்தெருவை அறியாத திருவனந்தபுரத்துத் தமிழர் இலர். 18ஆம் நூற்றாண்டில் திவான் ராஜா கேசவதாசர் ஏற்படுத்திய அந்த அங்காடியில், நேந்திரங்காய் வறுவல் விற்கும் சிறு கடை ஒன்றை மனத்தில் எண்ணிக்கொள்வோம். கடைக்காரர் இணையத்தின் வழியே விற்க விரும்புகிறார். அதற்கு ஒரு சிறு நிரல் எழுதவேண்டும். பைத்தான் என்னும் மொழியில் எழுதுவோம். நெதர்லாந்து நாட்டவரான குய்டோ வான் ரோசம் 1991 இல் வெளியிட்ட மொழி இது. 2008 இல் வந்த இதன் மூன்றாம் பதிப்பு முதல், மாறிகளின் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே இடலாம். நிரல் என்றாலே ஆங்கிலம் என்று அஞ்சும் தாய்மார்கள் இவ்வரிகளைப் பார்க்கவும்:

பொருள் = "நேந்திரங்காய் வறுவல்"

கையிருப்பு = 40

எடை = 0.25

கிடைக்குமா = கையிருப்பு > 0

இந்நான்கு வரிகளையும் உள்ளபடியே தட்டச்சுச் செய்தால் பைத்தான் ஏற்றுக்கொள்ளும். முதல் வரியில் மேற்கோள் குறிக்குள் இருப்பது எழுத்துச் சரம், ஸ்ட்ரிங் என்பர். இரண்டாவது, பொட்டலங்களின் எண்ணிக்கை. அது முழு எண், அதாவது இன்டிஜர். மூன்றாவது, பொட்டலத்தின் எடை கிலோவில், புள்ளி வைத்த எண், ஃப்ளோட். நான்காவது வரியில் ஒரு கேள்வி இருக்கிறது. கையிருப்பு சுழியத்தினும் பெரிதா என்று கணினி நோக்கி, ஆம் அல்லது இல்லை என்று முடிவு செய்து அம்முடிவை வைத்துக்கொள்கிறது. இதற்குப் பூலியன் என்று பெயர். 1854 இல் சிந்தனையின் விதிகளைக் கணிதமாக எழுதிய ஜார்ஜ் பூல் என்னும் ஆங்கிலேயரின் பெயரால் வழங்குவது. கடைக்கு வேண்டிய அடிப்படை வகைகள் இந்நான்கே. விலையை ஏன் எழுதவில்லை என்று கூர்ந்து படிப்போர் கேட்கலாம். வேண்டுமென்றே விட்டோம், பின்னால் வரும்.

இனி, இலக்கம் இருந்தால் எண் என்ற அந்த விடைக்கு வருவோம்.

நமக்கு மிகவும் பழகிய இணையக் கடை ரயில் பயணச்சீட்டுக் கடையே. ஐ.ஆர்.சி.டி.சி. நிறுவனம் 2002 ஆகஸ்டு மாதத்தில் இணையத்தில் சீட்டு விற்கத் தொடங்கியது. அப்போது இணையத்தில் பணம் கட்டினால் சீட்டைக் கூரியர் ஆள் வீட்டுக்குக் கொண்டுவந்து தருவான்! ஃப்ளிப்கார்ட் பிறந்தது 2007 இல் என்பதை நினைத்தால், கடை விரிப்பதில் நம் ரயில்வே முந்திக்கொண்டது என்று சற்றுப் பெருமையாகவே சொல்லலாம். அச்சீட்டில் வண்டி எண் இருக்கிறது, பத்து இலக்கப் பி.என்.ஆர். எண் இருக்கிறது, பயணியின் வயது இருக்கிறது, கட்டணம் இருக்கிறது. நான்கிலும் இலக்கங்களே. நான்கும் எண்களா?

இங்கிருந்து சென்னைக்குச் செல்லும் மெயில் வண்டியின் எண் 12624. 2010 டிசம்பர் 20ஆம் நாள் வரை அது 2624 என்று நான்கிலக்கமாக இருந்தது. அன்று நாடெங்கும் ஐந்திலக்க முறை வந்தபோது முன்னால் 1 சேர்ந்தது. சிறப்பு வண்டிகளுக்கோ முதல் இலக்கம் 0. கொரோனாக் காலத்தில் நின்றுபோன வண்டிகள் 2020 இல் மீண்டும் புறப்பட்டபோது சிறப்பு வண்டிகளாகவே புறப்பட்டன. நம் மெயிலும் 02624 ஆயிற்று. 2021 நவம்பரில்தான் வண்டிகளுக்குப் பழைய எண்களை மீட்டளிக்க உத்தரவாயிற்று. 02624 என்பதை முழு எண்ணாகக் கணினியில் இட்டால் என்ன ஆகும்? முன்னால் நிற்கும் சுழியத்துக்கு மதிப்பில்லை என்று கணிதம் சொல்லுகிறது. கணினியும் அவ்வாறே அதைக் கழித்துவிடும். மிஞ்சுவது 2624. பத்தாண்டுகளுக்கு முன்னரே வழக்கொழிந்த எண்! பைத்தானில் நிரல் எழுதும்போதே எண்ணுக்கு முன் சுழியமிட்டால் பிழை என்று மறுத்துவிடும், அது நல்லதே. வேறிடத்திலிருந்து எழுத்தாக வந்த 02624 ஐ முழு எண்ணாக மாற்று என்று கேட்டால் மட்டும், வாய் பேசாமல் சுழியத்தை விழுங்கிவிட்டு 2624 என்று நீட்டும். அலுவலகங்களில் எக்செல் தாளில் தொலைபேசி எண் பதிவோர், 0471 என்று தட்டி 471 என்று கண்டிருப்பர். அங்கு நடப்பதும் இதுவே.

வண்டி எண், தொலைபேசி எண், பி.என்.ஆர். இவையெல்லாம் இலக்க உடை உடுத்திய பெயர்கள். இரண்டு பி.என்.ஆர். எண்களைக் கூட்டி என்ன செய்வது? மெயிலின் எண்ணை இரண்டால் வகுத்தால் பாதி மெயிலா வரும்? கூட்டினால் பொருள் தருவது எதுவோ அதுவே எண். கூட்டுவது வேடிக்கையாய் முடியுமாயின் அது சரம். பயணிகளின் வயதைக் கூட்டிச் சராசரி காணலாம்; கட்டணத்தைக் கூட்டியே ஆகவேண்டும். ஆகவே அவை எண்கள்.

நம் வறுவல் கடையிலும் இச்சங்கடம் வரும். வாங்குபவரின் அஞ்சல் குறியீட்டு எண்ணைக் கேட்கிறோம். இந்தியாவில் 1972 ஆகஸ்டு 15 முதல் வழங்கும் ஆறிலக்கப் பின் எண் எதுவும் சுழியத்தில் தொடங்குவதில்லை, திருவனந்தபுரம் 695001. ஆதலால் எண்ணாக வைத்தாலும் கடை சில நாள் ஓடும். ஒரு நாள் சிங்கப்பூரில் உள்ள நம்மவர் ஒருவர் இரண்டு பொட்டலம் கேட்டு எழுதுவார். அந்நகரின் நடுப்பகுதியில் அஞ்சல் எண்கள் 0 வில் தொடங்குபவை. கடையின் ஏட்டில் ஐந்திலக்கமே மிஞ்சும். வறுவல் எங்கே போய்ச் சேருமோ! லண்டனிலிருந்து ஒருவர் கேட்டாலோ, அங்குள்ள குறியீட்டில் எழுத்துகளும் கலந்திருப்பதால், கடை அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். பெயர்ந்து வாழும் மக்களை நோக்கி விற்பவர் இதனை முதல் நாளே எண்ணவேண்டும்.

இதற்கு நேர்மாறான விபத்தும் உண்டு. எண்ணாக இருக்கவேண்டியது சரமாக வந்து நிற்பது. வாங்குபவர் எத்தனை பொட்டலம் என்று கேட்கப்பட்ட இடத்தில் 3 என்று தட்டுகிறார். பைத்தானில் பயனர் தட்டுவது எதுவாயினும் அது சரமாகவே உள்ளே வரும். அந்த 3 ஐ எண்ணாக மாற்றாமல், ஒரு பொட்டலம் 120 ரூபாய் என்று பெருக்கினால் விடை 360 அன்று. 3 என்னும் எழுத்தை 120 முறை வரிசையாக எழுதிக் காட்டும்! பைத்தானைப் பொறுத்தவரை, சரத்தை எண்ணால் பெருக்குவது என்றால் அத்தனை முறை திருப்பிச் சொல்வது என்று பொருள். அது சொன்னதைச் செய்தது; குறை நம் சொல்லில். 3 உம் 4 உம் சரங்களாக நின்று கூடினால் 34 ஆகும், ஏழு ஆகா. பிள்ளைகள் இதைச் செய்து பார்த்தால் ஒரு முறை சிரிப்பார்கள், பிறகு மறக்கமாட்டார்கள்.

பூலியனிலும் இத்தகைய பொறி ஒன்று இருக்கிறது. "வீட்டுக்குக் கொண்டுவந்து தரவேண்டுமா?" என்ற கேள்விக்கு வாங்குபவர் இல்லை என்று தட்டுகிறார். அச்சொல்லை அப்படியே எடுத்து, இது ஆமா இல்லையா என்று பைத்தானைக் கேட்டால், ஆம் என்று சொல்லும். காரணம், வெற்றுச் சரமல்லாத எந்தச் சரமும் அதன் கண்ணில் மெய்யே. "இல்லை" என்பதில் எழுத்துகள் இருக்கின்றனவே! வேண்டாம் என்றவர் தலையில் கூரியர் கட்டணம் விழும். சொல்லைச் சொல்லோடு ஒப்பிட்டு, "ஆம்" என்ற சொல்லுக்குச் சமமா என்று கேட்டுப் பெறும் விடையே பூலியன்.

இப்போது விலைக்கு வருகிறோம். இவ்விடத்தில் சற்று நின்று பேசவேண்டியிருக்கிறது.

ரூபாயும் பைசாவுமாக இருப்பதால் விலையை ஃப்ளோட்டாக வைக்கலாம் என்றே எவருக்கும் தோன்றும். பல பாடநூல்களும் 99.50 என்று எழுதிக் காட்டுகின்றன. பைத்தானில் 1.10 ஐயும் 2.20 ஐயும் கூட்டிப் பாருங்கள். 3.30 வராது. 3.3000000000000003 என்று வரும். அந்தக் கடைசி 3 எங்கிருந்து வந்தது? வாங்குபவர் கட்டிய தொகையும் பில் தொகையும் சமமா என்று கடை நிரல் கேட்டால், சமம் இல்லை என்று விடை வரும்; பணம் கட்டியவர் கட்டாதவர் பட்டியலில் நிற்பார்.

காரணம் நம் பாட்டனார்களுக்குத் தெரிந்த கணக்கிலேயே இருக்கிறது. கணினி இரண்டின் மடங்கால் எண்ணும் இயந்திரம். ஒன்றுக்குக் கீழே அது பாதி பாதியாகத்தான் இறங்கும்: அரை, கால், அரைக்கால், வீசம் என்று. வீசம் பதினாறில் ஒன்று. இவையெல்லாம் அதற்குச் சுத்தமாகப் பிடிபடும். ஆனால் நம் கீழ்வாய் இலக்கத்தில் மா என்று ஒன்று உண்டு, இருபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. முந்திரி முந்நூற்று இருபதில் ஒன்று. இவற்றின் அடியில் ஐந்து ஒளிந்திருக்கிறது. பாதி பாதியாக எவ்வளவு தூரம் இறங்கினாலும் ஐந்தில் ஒரு பங்கை எட்டமுடியாது. ஒன்றை மூன்றால் வகுத்தால் 0.333 என்று முடிவின்றிப் போவதுபோல, கணினிக்குப் பத்தில் ஒன்று முடிவின்றிப் போகும். எங்கேனும் வெட்டி நிறுத்தவேண்டும். வெட்டிய இடத்தின் சில்லறைதான் அந்தக் கடைசி 3.

ஒரு வேடிக்கை பாருங்கள். ரூபாய்க்குப் பதினாறு அணா என்று நாடு எண்ணிய நாளில், அணா கணினிக்கு மிகவும் உகந்த நாணயம். அது ரூபாயின் வீசமல்லவா? அந்நாளில் நம்மிடம் கணினிக் கடை இல்லை. 1957 ஏப்ரல் 1ஆம் நாள் ரூபாயை நூறு நயா பைசாவாகப் பிரித்தோம். மக்களுக்குக் கணக்கு எளிதாயிற்று, கணினிக்குக் கடினமாயிற்று. ஒன்று முதல் தொண்ணூற்றொன்பது வரை உள்ள பைசாக்களில் 25, 50, 75 ஆகிய மூன்றை மட்டுமே ஃப்ளோட் சுத்தமாகப் பிடிக்கும். மற்ற தொண்ணூற்றாறும் தோராயமே.

தோராயம் எவ்வளவு தூரம் கொண்டுபோய்விடும் என்பதற்குக் கனடா நாட்டின் வான்கூவர் பங்குச் சந்தை சான்று. 1982 இல் 1000 என்று தொடங்கிய அதன் குறியீட்டு எண் நாள்தோறும் இறங்கிக்கொண்டே வந்து, 1983 நவம்பரில் ஏறக்குறைய 524 இல் நின்றது. சந்தை விழவில்லை. ஒவ்வொரு முறை கணக்கிடும்போதும் மூன்றாம் தசம இலக்கத்துக்கு அப்பால் இருந்ததைக் கணினி வெட்டி எறிந்துகொண்டிருந்தது. திருத்திக் கணக்கிட்டபோது உண்மை மதிப்பு 1098 க்கு மேல் என்று தெரிந்தது. ஒவ்வொரு வெட்டும் ஓராயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவே. இருபத்திரண்டு மாதம் சேர்ந்தது.

இதற்கு மருந்து என்ன? திருவிதாங்கூர்க் கணக்குப்பிள்ளைமார் கையாண்ட மருந்தே. அந்நாள் இந்நாட்டுப் பணத்தில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கோ இருபத்தெட்டரைச் சக்கரம். அந்த அரை, கணக்கில் குறுக்கே வரும். எல்லாவற்றையும் காசாக்கிவிட்டால் பிரிட்டிஷ் ரூபாய் 456 காசு, பின்னமே இல்லை. அதுபோல விலையைப் பைசாவாக்கி முழு எண்ணாக வைத்துவிட்டால் போதும். 120 ரூபாய் 50 பைசாவை 12050 என்று இருத்துக. கூட்டல், கழித்தல், சமமா என்னும் கேள்வி எல்லாம் முழு எண்ணில் நடக்கட்டும். வாங்குபவருக்குக் காட்டும்போது மட்டும் ரூபாயும் பைசாவுமாகப் பிரித்துக் காட்டுக. எடையையும் 0.25 கிலோ என்பதைவிட 250 கிராம் என்று வைப்பது நலம். பெரிய நிறுவனங்களுக்கு உதவும் டெசிமல் என்னும் தனி வகை ஒன்றும் பைத்தானில் இருக்கிறது. சாலைக் கடைக்குப் பைசாவே போதும். விலை என்னும் வரியை இப்போது சேர்த்துக்கொள்ளலாம்:

விலைப்பைசா = 12050

பைசா வழக்கொழிந்ததே, முழு ரூபாயிலேயே வைத்தால் என்ன என்று கேட்பவர் உண்டு. வரி சதவீதத்தில் வருகிறதே! கடைக்காரரைக் கேட்டால் பைசாவின் அருமையைச் சொல்லுவார்.

சரத்தைப் பற்றி ஒன்று எஞ்சியுள்ளது. இது தமிழருக்கே உரிய தொல்லை. "தமிழ்" என்னும் சொல்லில் எழுத்து எத்தனை? மூன்று என்பான் முதல் வகுப்புப் பையன். பைத்தானைக் கேட்டால் ஐந்து என்னும். தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என்று தனித்தனியே எண்ணுகிறது. யூனிகோடு முறையில் அப்படித்தான் பதியப்படுகிறது. "திருவனந்தபுரம்" நமக்கு ஒன்பது எழுத்து, பைத்தானுக்குப் பதினான்கு. இணையத்தில் வழங்கும் யூ.டி.எஃப். எட்டு முறையில் சேமித்தால் நாற்பத்திரண்டு பைட்டு இடம் பிடிக்கும். முகவரிக்கு முப்பது பைட்டு போதும் என்று ஒருவர் வரம்பிட்டுவிட்டால் நம் ஊரின் வால் அறுந்துபோகும். எங்கே அறும் என்பதும் நம் கையில் இல்லை, மெய்யெழுத்தின் புள்ளி பறிபோய் உயிர்மெய்யாக நிற்கலாம். ஆங்கிலத்தில் மட்டுமே சோதித்துப் பார்த்தவருக்கு இக்குறை கண்ணில் படாது. தமிழ்ப் பெயரை முழுமையாக எழுதவிடாத படிவங்களைக் கண்டு நம்மில் மனம் வருந்தாதவர் யார்? நாளை அப்படிவங்களை எழுதப்போகிறவர்கள் இன்று நம் வீட்டில் படிப்பவர்கள்தாம். 1990 இல் தொடங்கிய டெக்னோபார்க் நம் ஊரிலேயே, கழக்கூட்டத்தில் இருக்கிறது. அங்கே வேலைக்குப் போகும் நம் பிள்ளை, சரத்தின் நீளத்தை எவ்வளவு என்று வரம்பிடும்போது தன் பாட்டியின் பெயரை ஒரு முறை தட்டிப் பார்க்கட்டும்.

பயிற்சி ஒன்று தருகிறோம். வீட்டில் கிடக்கும் ஏதேனும் ஒரு பில்லை எடுத்துக்கொள்ளுங்கள். மின்சார வாரியத்தின் பில் மிகவும் நல்லது. நுகர்வோர் எண், மின்கணிப்பி காட்டிய அளவு, தொகை, கட்டவேண்டிய நாள், பாக்கி உண்டா இல்லையா என்று பல பத்திகள் இருக்கும். ஒவ்வொன்றின் அருகிலும் எவ்வகை என்று பென்சிலால் எழுதுங்கள். நாள் என்பதில் பலர் திகைப்பார்கள், திகைக்கட்டும். 31 ஜனவரியோடு ஒன்றைக் கூட்டினால் 32 ஜனவரி வருவதில்லை அல்லவா? அது எவ்வகை என்பதையும், பல பொருள்களை ஒரே கூடையில் இடும் பட்டியல் என்னும் வகையையும் அடுத்த இதழில் பார்ப்போம். விடைகளை இம்மாத இறுதிக்குள் சங்க நூலகத்துப் பெட்டியில் போடலாம். பிள்ளைகள் தங்கள் வகுப்பையும் குறிப்பிடுக.